காலி மாத்திரை அட்டைகள்

திண்டிவனம்,
6.8.2024

அம்சாவுக்கு,

பாதிப் பேச்சில் நீ போனை வைத்துவிட்டாய் என்று அஸ்வினி சொன்னாள். நம் மருந்துக்கடையில் அவள்தான் எனக்கு இப்போது காது. ஏன் வைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. இனி போன் வேண்டாம். போனில் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், விஷயம் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. கண்ணையன் செவ்வாயும் வெள்ளியும் கடைக்குச் சரக்கெடுக்க விழுப்புரம் மொத்தக்கடைக்கு வருகிறான். உன் வீட்டுக்கும் வந்துவிட்டுத் திரும்புவான். சொல்ல வேண்டியதை எழுதி அவனிடம் கொடு. எழுதும்போது மனிதர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவன் கொண்டுவந்திருக்கும் பெட்டியில் சக்கரபாணிக்கு மருந்து இருக்கிறது. பச்சை நிறத்தில் இருப்பது வைட்டமின் ஈ. ஆரஞ்சு நிறம் வைட்டமின் சி. பழுப்பு நிறம் பி காம்ப்ளெக்ஸ். இந்த மூன்றும் சாப்பாட்டுக்குப் பிறகு. பெரிய மஞ்சள் மாத்திரை லிப்போயிக் அமிலம், அது மட்டும் வெறும் வயிற்றில். மாற்றிக் கொடுக்காதே.

மூளை நோய்க்குச் சத்து மாத்திரை எதற்கு என்று நீ கேட்பாய். புதுச்சேரி டாக்டரம்மா சொன்னதை நீயும் கேட்டாய், நானும் அவர் உதட்டைப் பார்த்துக் கேட்டேன். என் தம்பியின் மூளையில் பிரியான் என்கிற புரதம் தவறாக மடிந்துவிட்டது. மடிந்தது சும்மா இருக்காமல் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போல் மடித்துவிடுகிறது. அதை நிறுத்த உலகத்தில் மருந்து இல்லை. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். அப்போது நீ முகம் கழுவ வெளியே போயிருந்தாய். கெட்ட புரதம் சேரச் சேர, மூளை செல்களில் ஆக்சிஜனேற்றம் அளவுக்கு மீறிப் போகிறதாம். உரித்த மல்லாட்டைக் கடலையைத் திறந்து வைத்தால் காறிப்போகிறதே, அது என்ன? அதிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுகிறது. மூளையிலும் கொழுப்பு நிறைய. அங்கேயும் அதே காறல்தான் நடக்கிறது. காறலைத் தடுக்கிற பொருள்கள்தான் நான் அனுப்பியிருப்பவை. ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர். நோயை நிறுத்தாது, தெரியும். மெதுவாக்கினால் போதும் என்கிறேன்.

மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு அவனை வீட்டுக்கு அழைத்து வந்தது நீ. வார்டு முழுக்கக் கேட்க நான் சொன்ன வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீ சொன்னதையும் மறக்கவில்லை. குழாய்தான் இல்லை, வாய் வழியாகவாவது இவை உள்ளே போக வேண்டும்.

காலியான மாத்திரை அட்டைகளைக் கண்ணையனிடம் திருப்பிக் கொடுத்தனுப்பு. காசநோய்க்காரர்களுக்கு என் கணவர் இருந்த காலத்திலேயே எங்கள் கடையில் அதுதான் வழக்கம். காலி அட்டை வந்தால்தான் அடுத்த அட்டை. உன்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது.

தையல்நாயகி


விழுப்புரம்,
9.8.2024

அண்ணிக்கு அம்சவள்ளி எழுதுவது.

நான் போனை வைக்கவில்லை. அவர் கட்டிலிலிருந்து சரிந்தார். போனைப் போட்டுவிட்டு ஓடினேன், அது கீழே விழுந்து அணைந்துவிட்டது. அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டபோது நீங்கள் எடுக்கவில்லை. அஸ்வினியும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மாத்திரைகளை வாங்கிக்கொண்டேன். நீங்கள் எழுதியபடி கொடுக்கிறேன். வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் விழுங்குகிறார். சில நேரம் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். விழுங்குங்க, விழுங்குங்க என்று தொண்டையைத் தடவிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ரயில் போவதை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு அவர் ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய வீடு இது. இப்போது ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு முழுக்கத் துள்ளி விழுகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரயில்வே கார்டாக, கடைசிப் பெட்டியில் அந்தச் சத்தத்தோடு தூங்கி எழுந்தவர். பின் ஜன்னலைப் பழைய மெத்தையை வைத்து அடைத்துவிட்டேன். அப்படியும் தரை அதிர்கிறது. சத்தம் அடங்கியதும் வலது கை மெல்ல மேலே போகிறது, கொடி காட்டுகிற மாதிரி. அது அவராகச் செய்வதா, நோய் செய்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுத் தமிழ்மணிக்குக் காரக்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தேன். நேற்று கிண்ணத்தை வாசல் கேட்டின் மேலேயே வைத்துவிட்டு நின்றாள். “டிவியில சொன்னாங்கக்கா, மாட்டு மூளையில இருந்து வர்ற வியாதியாம். எங்க வீட்ல சின்னப் புள்ளைங்க ஓடிக்கினு கெடக்குது. தப்பா நெனச்சிக்காதீங்க” என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை. தப்பாக நினைப்பதற்கும் தெம்பு வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதால் நானும் எழுதுகிறேன். “உனக்கு ரெஸ்ட் வேணும், அதுக்குத்தான் இவ்ளோ அவசரம்” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். நான் உங்களைப் பார்த்து, மனுஷனை மருந்து ரேக்கில் அடுக்கி வைக்க முடியாது என்றேன். என் வார்த்தை தப்புதான். ஆனால் குழாயைச் சொருகினால் அவர் அதைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையையும் கட்டிலில் கட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை நீங்கள் பார்க்கவில்லை. அப்போது அவர் திரும்பி நின்றிருந்தார், உதடு உங்களுக்குத் தெரிந்திருக்காது.

காலி அட்டைகள் இதோடு இருக்கின்றன.

அம்சா


திண்டிவனம்,
13.8.2024

அம்சாவுக்கு,

கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை இதற்கு மேல் பேச வேண்டாம்.

தமிழ்மணியிடம் கீழே உள்ளதைச் சொல். சக்கரபாணிக்கு வந்திருப்பது தின்றதால் வந்தது அல்ல. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் இருவருக்குத் தானாக வருவது. தொட்டால் ஒட்டாது, மூச்சில் பரவாது, ஒரே வீட்டில் இருந்தால் வராது. மாட்டு நோய் என்று அவள் சொல்வது வேறு வகை. இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்று, அவ்வளவே. கேட்ட பிறகும் கிண்ணத்தைக் கேட்டின் மேல்தான் வைப்பாள் என்றால் அவளுக்குக் குழம்பு கொடுக்காதே.

உன் மகள் கலைப்பிரியா எனக்குப் போன் செய்து, இது பிள்ளைகளுக்கு வருமா என்று அஸ்வினி மூலம் கேட்டாள். பரம்பரையாக வருகிற வகையும் இருக்கிறது. நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை, அதனால் பயப்படக் காரணம் குறைவு என்று டாக்டரம்மா சொன்னதையே சொன்னேன். அவள் ஓசூரில் இருந்துகொண்டு வேண்டாததை எல்லாம் படிக்கிறாள்.

நானும்தான் படிக்கிறேன். அஸ்வினி ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்செடுத்துத் தருகிறாள். கன்னியாஸ்திரிகள் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் இதற்காவது உதவட்டும். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நோயால் இறந்தவர்களின் மூளையில் இந்தக் காறலின் தடயம் நிச்சயமாக இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போது அதே பிரியான் புரதம்தான் செல்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பாற்றுகிறது என்று சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் காவலுக்கு வைத்ததே கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். எலிகளுக்கு ஆன்டி ஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தவற்றில் சில கொஞ்ச நாள் கூடுதலாக இருந்திருக்கின்றன. நோய் முற்றிய பிறகு கொடுத்ததில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. மனிதர்களுக்குப் பலன் உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. காறல் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

பிறகு எதற்குக் கொடுக்கிறாய் என்று கேட்காதே. கொடு. கேடு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கப் பழக்கம் இல்லை.

அட்டைகளைப் பார்த்தேன். சரியாக இருந்தன.

தையல்நாயகி


விழுப்புரம்,
20.8.2024

அண்ணிக்கு,

போன வெள்ளிக்கிழமை கண்ணையனை நிற்க வைத்து எழுத முடியவில்லை. அட்டைகளை மட்டும் கொடுத்தனுப்பினேன். வியாழக்கிழமை அவருக்குக் கேப்பைக் கூழ் புரைக்கேறிவிட்டது. முகம் நீலமாகப் போனது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். தமிழ்மணியின் வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்து வந்தார். மூச்சு வந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். “இனிமே எதையும் வாய்க்குள்ள திணிக்காதீங்கம்மா. நுரையீரலுக்குள்ள போயிடும். அவர் கேட்கிற அளவுக்கு ஸ்பூன்ல தொட்டு வைங்க, போதும்” என்றார். அவர் எதைக் கேட்கிறார்.

பேச்சு நின்றுவிட்டது. கடைசியாகப் பேசியது போன திங்கட்கிழமை. ரயில் ஒன்று கடந்து போனதும் கையைத் தூக்கி “ரைட்” என்றார். தெளிவாகச் சொன்னார். நான் சமையலறையிலிருந்து ஓடி வந்து, என்னங்க, என்னங்க என்றேன். பிறகு ஒன்றும் இல்லை. சிறுநீருக்குப் பை மாட்டியிருக்கிறது. நர்ஸம்மா வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறார்.

மாத்திரை பற்றிக் கவலைப்படாதீர்கள். காலி அட்டைகள் வைத்திருக்கிறேன். அந்த ஆரஞ்சு மாத்திரையில் புளிப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி பரவாயில்லை.

எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது. சில நாளாக எனக்குச் சிறுநீர் மஞ்சள் கரைத்த மாதிரி போகிறது. காமாலையோ என்னவோ. கொல்லைப் பக்கம் கீழாநெல்லி நிறைய முளைத்திருக்கிறது, அரைத்து மோரில் கலந்து குடிக்கிறேன். நான் படுத்துவிட்டால் இவரை யார் பார்ப்பது என்பதைத் தவிர எனக்கு வேறு பயம் இல்லை.

நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என்னோடு பேச வேண்டாம். அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அம்சா


திண்டிவனம்,
27.8.2024

அம்சாவுக்கு,

வரமாட்டேன். உன்மேல் உள்ள கோபத்தில் அல்ல. அப்படி நீ நினைத்துக்கொண்டிருந்தால் இதோடு நிறுத்திக்கொள்.

புதுச்சேரியில் நீ மருந்து வாங்கப் போயிருந்த நேரம் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக உட்கார்ந்து, “மேடம், நீங்க எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். வழி தவறி ஏறிவிட்ட கிழவியிடம் ஒரு நல்ல கார்டு எப்படிக் கேட்பானோ அப்படி. பேச்சு வந்த நாள் முதல் என்னை அக்கா என்றே கூப்பிட்டவன். பொங்கல் சீரை மணியார்டரில் அனுப்பிவிடலாம் என்று ஊரே மாறியபோதும், கரும்பையும் மஞ்சள் கொத்தையும் தூக்கிக்கொண்டு தானே ரயிலேறி வந்தவன். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும்தான் உன்னைப் பார்த்தேன், குழாய்ப் பேச்சு வந்தது. என்னை இன்னொரு முறை அவன் அப்படிப் பார்ப்பதை நான் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு கேள்வி. சரியாகப் பதில் எழுது. அவனுடைய சிறுநீர்ப் பையில் நிறம் எப்படி இருக்கிறது? உன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா? நாளைக்கே ரத்தம் கொடுத்துக் காமாலைக்கான பிலிருபின் அளவைப் பார். கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. காமாலைக்குக் காரணம் ஆயிரம் உண்டு.

அடுத்த பெட்டியை அனுப்பியிருக்கிறேன். கண்ணையன் உன் வீட்டிலிருந்து வந்ததும், “அட்டையெல்லாம் பளிச்சுனு காலி ஆயிருக்குதும்மா, ஒண்ணுகூட மிஸ் இல்ல” என்றான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

தையல்நாயகி


விழுப்புரம்,
3.9.2024

அண்ணிக்கு,

பையில் சிறுநீர் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில். நர்ஸம்மா நல்லா இருக்கு என்றார். என் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ரத்தம் கொடுத்தேன், எல்லாம் நார்மல் என்று லேபில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் மஞ்சளாகப் போவது நிற்கவில்லை.

அவர் கண்ணைத் திறப்பதில்லை. இரண்டு நாளாக ஸ்பூனில் தொட்டு வைப்பதும் உதட்டோரம் வழிந்துவிடுகிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. டாக்டரம்மா நேரில் வந்து பார்த்தார். இதற்கு மேல் ஒன்றும் இல்லை, உதட்டை ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள், வலிக்குச் சொட்டு மருந்து தருகிறேன் என்றார்.

கலைப்பிரியா வந்து நான்கு நாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பால் ஊற்றினோம். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தோம், அவ்வளவுதான். முதலில் மகள், பிறகு நான், பிறகு என் அண்ணன் சுப்பராயலு, ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்த சவுரிராயன் சார். சவுரிராயன் சார் ஜெபம் சொல்லிவிட்டு ஊற்றினார். அப்போதும் மூச்சு அப்படியேதான் இருக்கிறது. என் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “அக்காகாரி வந்து ஒரு சொட்டு ஊத்தாம இவுரு எங்கயும் போக மாட்டாரு. ஜல்தி வரச் சொல்லு அந்தம்மாவ” என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் நீங்கள் மட்டும்தான் பாக்கி.

உங்கள் பெட்டியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று அது சொல்கிறது. அவர் படுகிற பாட்டை நீங்கள் பார்க்கவில்லை.

அம்சா


திண்டிவனம்,
6.9.2024

அம்சாவுக்கு,

கண்ணையன் இன்று பெட்டி கொண்டுவரவில்லை. பார்த்திருப்பாய்.

என் கணவர் போன பிறகும் கடையை மூடாமல் நடத்துகிறவள் நான். பி காம்ப்ளெக்ஸில் பி2 என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவருக்குச் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். காமாலை என்று பயந்துபோய்க் கடைக்கு வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெட்டி பெட்டியாக அந்த மாத்திரையைச் சாப்பிட்டதாக நீ சொல்லும் என் தம்பியின் பையில் தண்ணீர் நிறம். ஒரு மாத்திரையும் சாப்பிடாத உனக்கு மஞ்சள். ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. பதினைந்து நாளுக்கு முன்பே நான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வைட்டமின் சி புளிப்பு தூக்கல் என்று எழுதினாய். அது புளிப்பு என்று உனக்கு எப்படித் தெரியும்?

நான் உன்னிடம் காலி அட்டை கேட்டேன். நீ எனக்குக் காலி அட்டை அனுப்பினாய். அவற்றை நான் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு உள்ளே போயிருக்கிறது, இவ்வளவு காறல் குறைந்திருக்கும் என்று. அஸ்வினி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். இந்த வயதில் எனக்கு அந்த ஏமாற்று வேண்டாம்.

எப்போதிலிருந்து என்று எழுது. கண்ணையனிடம் வாய்ச்சொல்லாக எதுவும் சொல்லி அனுப்பாதே.

தை.


விழுப்புரம்,
10.9.2024

அண்ணி,

கூழ் புரைக்கேறிய நாளிலிருந்து.

அதற்கு முன்பு கொடுத்ததெல்லாம் உண்மையாகக் கொடுத்தேன், தொண்டையைத் தடவித் தடவி. அன்று அவர் முகம் நீலமானதைப் பார்த்த பிறகு என் கை அவர் வாய்க்குப் போகவில்லை. மறுநாள் காலையில் கண்ணையன் வந்துவிடுவான், அட்டை கொடுக்க வேண்டும். மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். சாக்கடையில் கொட்டப் போனேன். கொட்ட முடியவில்லை. உங்கள் கையால் எண்ணி வைத்தது, அவர் பேர் எழுதி வந்தது. சாமிக்குப் படைத்ததைக் குப்பையில் போடுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டேன். ஆரஞ்சு மாத்திரையை மென்றேன். மறுநாளும் அப்படியே செய்தேன். பெரியதை வெறும் வயிற்றில்தான் சாப்பிட்டேன், நீங்கள் எழுதியபடி.

நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உங்களுக்கு அவர் வயிற்றுக்குள் ஏதாவது போய்க்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எனக்கு நீங்கள் பெட்டி அனுப்புவதை நிறுத்தாமல் இருக்க வேண்டியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கண்ணையன் வாசலில் நின்று “அம்மா, திண்டிவனத்துலேர்ந்து வர்றேன்” என்று குரல் கொடுக்கும்போதுதான் இந்த வீட்டில் நோயாளி, நான், ரயில் தவிர இன்னொருவர் இருக்கிறார் என்று தெரியும். பெட்டியைப் பார்த்தால் பயமாகவும் இருந்தது, வராமல் போனாலும் பயமாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை அவன் வெறுங்கையோடு வந்தபோது நான் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. ஏமாற்றுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஓய்வு வேண்டும் என்றுதான் அவசரப்படுகிறேன் என்று அன்று சொன்னீர்கள். அப்போது அது உண்மை இல்லை. இப்போது உண்மை. எனக்கு ஓய்வு வேண்டும் அண்ணி. அவருக்கும் வேண்டும். அவர் கண்ணை மூடியே இருக்கிறார். உங்களை யாரோ போலப் பார்க்க மாட்டார். அதற்கு இனி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

வாருங்கள்.

அம்சா


திண்டிவனம்,
1.10.2024

அம்சாவுக்கு,

காரியம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாளே எழுத நினைத்தேன். கை வரவில்லை. இன்றும் சுமாராகத்தான் வருகிறது.

உன் அண்ணன் சுப்பராயலு என்மேல் வருத்தமாக இருக்கிறார் என்று தெரியும். ஆண்கள் நிற்கும்போது அவனைக் குளிப்பாட்ட முதல் குடம் தண்ணீரை ஒரு கிழவி எடுத்து ஊற்றியது முறை இல்லைதான். அவர்கள் தொடலாமா, ஒட்டுமா என்று வேலியோரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். தொடலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாள் என் கையில் இருந்தது. அதை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்ட எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது குடத்தைத் தமிழ்மணி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு நீ இனி குழம்பு கொடுக்கலாம்.

நீ கேட்காததால் ஒன்று சொல்கிறேன். பால் ஊற்றும்போது நான் என்ன சொன்னேன் என்று எல்லோரும் உன்னிடம் கேட்டிருப்பார்கள். நீ அப்போது அடுப்படியில் இருந்தாய். அவன் புதுச்சேரியில் என்னிடம் ஒன்று கேட்டு, நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன் அல்லவா. பஞ்சை உதட்டில் வைத்துவிட்டு, காதோரம் குனிந்து அதற்குப் பதில் சொன்னேன். “நான் இங்கயே எறங்கிக்கிறேன்டா. நீ ரைட் குடு” என்றேன். எனக்குக் காது கேட்காததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. சவுரிராயன் வாசலிலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தால் தெருவுக்கே கேட்டிருக்கும் போலிருக்கிறது. தம்பியின் கை எழவில்லை. நீ அடுத்த நாள் காலை வரை எழும் என்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எழாவிட்டால் என்ன. வண்டி போய்விட்டது.

அந்தக் கட்டுரைகளை எல்லாம் அஸ்வினியிடம் கொடுத்துவிட்டேன். அவள் தம்பி மருந்தியல் படிக்கிறான். அவற்றில் எழுதியிருப்பது பொய் இல்லை. என்றைக்காவது யாராவது ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, சரியான பொருளைச் சரியான அளவில் கொடுத்து, அதற்குப் பலன் கிடைக்கலாம். சக்கரபாணிக்கு அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். இதை ஒருவரிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் வீட்டில் இருந்த நாட்களில் குளிர்பதனப் பெட்டியின் மேல் உன்னுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஜூன் மாதம் வாங்கியது. பாதிகூடத் தீரவில்லை. நீ அவனுக்கு வந்த மாத்திரையைச் சாப்பிட்டாய், உனக்குரியதைச் சாப்பிடவில்லை. இவ்வளவு மோசமாக மருந்து சாப்பிடும் மனுஷியை என் கடை வரலாற்றில் நான் பார்த்ததில்லை.

கண்ணையன் கொண்டுவந்திருக்கும் பெட்டியில் உன் பெயர் எழுதியிருக்கிறேன். வெள்ளை நிறம் ரத்தக்கொதிப்புக்கு. காலையில் ஒன்று, எது நடந்தாலும். முதலில் டாக்டரிடம் போய் இப்போதைய அழுத்தத்தைப் பார்த்து அவர் சொன்ன பிறகு ஆரம்பி. வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள். எனக்கு அது தெரியும், நானும் அப்படித்தான். அதனால் பி காம்ப்ளெக்ஸ் ஓர் அட்டை சேர்த்து வைத்திருக்கிறேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு.

செவ்வாய்க்கிழமை கண்ணையன் வருவான். காலி அட்டையைக் கொடுத்தனுப்பு. அது வந்தால்தான் அடுத்தது.

மஞ்சளாகப் போகும். பயப்படாதே.

அக்கா
தையல்நாயகி